ஒரே மணற்கல், இரண்டு வயது: அம்மோனைட் சொல்வதை எதுவரை நம்பலாம்?

புதியவள்

வணக்கம். நிலவியல் நான் படித்த பாடம் இல்லை, ஆர்வத்தில் வாசிப்பதுதான். இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையில் வெஸ்ட் பே என்ற இடத்தில் மஞ்சள் மணற்கல் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும் படத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். பிரிட்போர்ட் மணல் என்று அதற்குப் பெயர். அங்கிருந்து வடக்கே போனால் யோவில், மிட்ஃபோர்ட், கடைசியில் காட்ஸ்வோல்ட் குன்றுகள் வரை இதே மாதிரி மணல் வந்துகொண்டே இருக்கிறது. பிரிட்டிஷ் நிலவியல் அளவைத் துறை இப்போது எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டது. ஆனால் வடக்கில் இருப்பது பழையது, தெற்கில் இருப்பது புதியது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆதாரம் என்ன என்று பார்த்தால் ‘அம்மோனைட்களின்படி’ என்று ஒரே வரி.

கல் ஒன்றுதான், நிறம் ஒன்றுதான், துகளும் ஒன்றுதான். அப்புறம் வயது எப்படி இரண்டாகும்? அம்மோனைட் என்பது கடலில் வாழ்ந்து அழிந்துபோன, சுருள் ஓடுள்ள ஒரு பிராணி. அதற்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

களப்பை

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அம்மோனைட் முறையின் முழு பலமும் தெரிவது இந்த மணலில்தான்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் சிட்னி பக்மன் என்ற ஆங்கிலேய நிலவியலாளர். 1889-இல் காட்ஸ்வோல்ட், மிட்ஃபோர்ட், யோவில் மணல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை மணல் தொடங்கும் இடத்தை ஒரு காலக்கோடாக நினைத்துப் பலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பக்மன் மணலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் மணலுக்குக் கீழே, உள்ளே, மேலே என்ன அம்மோனைட் கிடைக்கிறது என்று அடுக்கு அடுக்காகப் பார்த்தார்.

மண்டலம் என்றால் குறிப்பிட்ட அம்மோனைட்டை வைத்து அடையாளம் காணும் ஒரு காலத்துண்டு. காட்ஸ்வோல்ட் மணல், ஜுராசிக்கின் ஒரு பகுதியான டோர்சியன் காலத்தின் பைஃப்ரன்ஸ், வேரியாபிலிஸ் மண்டலங்களைச் சேர்ந்தது. மிட்ஃபோர்டுக்கு வந்தால் அடுத்த படி, தூவார்சென்ஸ் மண்டலம். யோவிலுக்கும் டோர்செட்டுக்கும் வரும்போது டுமோர்டியேரியா போன்ற இன்னும் பிந்திய வகைகள். டோர்செட் கடற்கரையில் மணலின் உச்சி, அடுத்த காலமான ஆலேனியனின் வாசலைத் தொடுகிறது.

இதைவிட அழகான பகுதி ஒன்று உண்டு. வடக்கே மணல் கொட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் டோர்செட்டில் என்ன நடந்தது? அங்கே மெல்லிய சுண்ணாம்புக்கல் ஒன்றுதான் சேர்ந்துகொண்டிருந்தது. பல மண்டலங்கள் அதற்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அதன்மேல் டவுன் கிளிஃப் களிமண். அதற்குப் பிறகுதான் மணல் அங்கே வந்து சேர்கிறது. சரி, தெற்கே மணல் தடித்துக்கொண்டிருந்தபோது வடக்கே? அங்கே மணல் நின்றுபோய், இரும்புத் துகள் கலந்த மெல்லிய ‘செஃபலோபாட் படுகை’ உருவாகிக்கொண்டிருந்தது. டோர்செட்டின் உயர்ந்த மணற்சுவரும் காட்ஸ்வோல்டின் அந்த மெல்லிய படுகையும் பெருமளவு சமகாலத்தவை. கல்லை மட்டும் பார்த்து யாராவது இதைச் சொல்லியிருக்க முடியுமா?

அதாவது ஒரு மணல்மேடு கடலடியில் மெதுவாகத் தெற்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. நாம் ஒரே அடுக்கு என்று கை வைத்துக் காட்டுவது அது நகர்ந்த தடம். மணற்கல் என்பது ஒரு சூழல். அந்தச் சூழல் எந்த இடத்துக்கு எப்போது வந்தது என்பதை அதனுள் புதைந்த உயிரிதான் சொல்லும்.

ஐசோடோப்

பக்மன் காலத்துக்கு இது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு மணற்கல்லில் சிர்க்கான் என்ற கனிமத்தின் துகள் தாராளமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள யுரேனியம் சிதைந்து ஈயமாவதை அளக்கும் யுரேனியம்–ஈயம் முறையில் நேரடியாக எண்ணே வாங்கிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டு முறையை இன்னும் முதலில் வைப்பதற்கு என்ன காரணம்?

சுருள்சிப்பி

ஐசோடோப் அண்ணா, நீங்கள் சொல்லும் சிர்க்கான் எங்கே பிறந்தது? மணலில் இல்லை. எங்கோ ஒரு கிரானைட்டிலோ எரிமலைப் பாறையிலோ படிகமாகி, அந்தப் பாறை அரிக்கப்பட்டு, ஆறு அடித்துவந்து கடலில் போட்ட துகள் அது. அதை அளந்தால் அந்தத் தாய்ப்பாறையின் வயதுதான் வரும். ஜுராசிக் மணலுக்குள் நூறு கோடி ஆண்டு வயதான சிர்க்கான் இருப்பதில் அதிசயமே இல்லை. துகள்களில் எது மிக இளையதோ, அதைவிட மணல் பழையதாக இருக்க முடியாது என்ற மேல்வரம்பு மட்டும் கிடைக்கும். பக்கத்தில் எரிமலை இயங்கிக்கொண்டிருந்தால் அந்த வரம்பு உண்மையான வயதுக்கு அருகில் வரும். அமைதியான கண்டத்தின் ஓரமாக இருந்தால் பல கோடி ஆண்டுகள் தள்ளி நிற்கும்.

துல்லியத்தையும் பாருங்கள். லேசர் கொண்டு ஒவ்வொரு துகளாக அளக்கும் வழக்கமான முறையில் பிழை 1 முதல் 2 சதவீதம். 17 கோடி ஆண்டுக்கு அது ஏறத்தாழ 17 முதல் 34 லட்சம் ஆண்டு. ஜுராசிக் மொத்தம் சுமார் 5.6 கோடி ஆண்டுகள். வடமேற்கு ஐரோப்பாவில் அதை 75-ஐ ஒட்டிய அம்மோனைட் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சராசரியாக ஒரு மண்டலம் ஏழெட்டு லட்சம் ஆண்டு. அதற்குள் துணை மண்டலங்களும் உண்டு. ஒரு நல்ல அம்மோனைட் கையில் இருந்தால், எது முந்தியது எது பிந்தியது என்ற கேள்விக்கு அந்த லேசரைவிட நுணுக்கமான பதில் கிடைக்கிறது.

குறிப்பாக இந்தப் பிராணி ஏன் என்று புதியவள் கேட்டிருந்தார். அம்மோனைட்கள் வேகமாக மாறின. ஓர் இனம் தோன்றி மறைய நிலவியல் கணக்கில் கொஞ்ச காலமே பிடித்தது. கடலில் நீந்தியதால் பரவலும் அதிகம். எண்ணிக்கையும் ஏராளம். வரி, விளிம்பு, சுருளின் குறுக்குவெட்டு என்று அடையாளம் காண உறுப்புகளும் நிறைய. இறந்த பிறகு காற்றறைகள் இருந்த ஓடு மிதந்து இன்னும் தூரம் போயிருக்கலாம். எங்கே வாழ்ந்தது என்று தேடுபவருக்கு அது தொந்தரவு. வயது தேடுபவருக்குத் தொந்தரவே இல்லை. ஓடு எவ்வளவு காலம் மிதந்தாலும் நிலவியல் கணக்கில் அது ஒன்றுமே இல்லை.

கேள்விக்குறி

ஒரு அடிப்படைச் சந்தேகம். பாறையின் வயதைப் புதைபடிவம் சொல்கிறது, புதைபடிவத்தின் வயதைப் பாறை சொல்கிறது. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிற மாதிரி இல்லையா?

களப்பை

இல்லை. வரலாற்றைப் பார்த்தாலே தெரியும். வில்லியம் ஸ்மித் சோமர்செட்டில் நிலக்கரிக் கால்வாய்க்கு நில அளவை செய்தவர். கால்வாய் வெட்டும்போது அடுக்குகள் எந்த வரிசையில் வருகின்றன, ஒவ்வொன்றிலும் எந்தப் படிவம் என்று குறித்துக்கொண்டே போனார். 1799-இல் பாத் நகரத்தைச் சுற்றியுள்ள அடுக்குகளின் பட்டியல், 1815-இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடம். பரிணாமக் கொள்கை அப்போது கிடையாது. ஓர் அடுக்குக்கு எத்தனை ஆண்டு வயது என்று சொல்லும் வழியும் கிடையாது. அவரிடம் இருந்தது கண்ணால் பார்த்த வரிசை மட்டும்: கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. அந்த வரிசை வேறு ஊரில் வெட்டினாலும் அப்படியே வந்தது.

அதற்குப் பிறகு 1856 முதல் 1858 வரை ஆல்பெர்ட் ஓப்பெல் ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்றையும் ஒப்பிட்டு மண்டலங்களை அமைத்தார். மண்டலத்தைக் கல்வகையிலிருந்து பிரித்தது அவருடைய பெரிய பங்களிப்பு. ஓரிடத்தில் களிமண்ணாகவும் வேறிடத்தில் சுண்ணாம்பாகவும் இருந்தாலும், ஒரே படிவத்தொகுதி இருந்தால் ஒரே மண்டலம். பக்மன் மணலில் செய்தது இதன் நேரடித் தொடர்ச்சி.

ஆக, முதலில் வரிசை. வரிசைக்கு ஆதாரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அடுக்குகள். பிந்திய அம்மோனைட்டான ஹார்போசெராஸுக்கு மேலே முந்தியதான சைலோசெராஸ் வரும் கலையாத அடுக்கு ஒன்று கிடைத்தால் முறை அங்கேயே உடைந்துவிடும். இருநூறு ஆண்டுகளாக வெட்டியும் துளையிட்டும் பார்த்தாயிற்று, அப்படி ஒன்று வரவில்லை.

புதியவள்

வரிசை புரிகிறது. அப்படியானால் ‘17.47 கோடி ஆண்டு’ என்றெல்லாம் எண் போடுகிறார்களே, அது எங்கிருந்து?

ஐசோடோப்

அது என் பக்கம். அம்மோனைட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தானாக ஓர் எண் சொல்லாது. எண் வருவது எரிமலைச் சாம்பலில் இருந்து. வானிலிருந்து விழுந்த சாம்பலில் உள்ள சிர்க்கான், ஆறு அடித்துவந்த சிர்க்கானைப் போலப் பழையது அல்ல. வெடிப்பை ஒட்டியே படிகமானது. அதைக் கரைத்து நிறைமானியில் அளந்தால் பிழை சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும்.

பிரச்சினை என்னவென்றால், சாம்பல் எல்லா இடத்திலும் விழவில்லை. ஜுராசிக்கின் அடிக்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான உலகத் தரஅடையாளம் ஆஸ்திரியாவின் கூயோக் என்ற மலைச்சரிவில் இருக்கிறது, 2010-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடையாளம் சைலோசெராஸ் ஸ்பேலே என்ற அம்மோனைட்டின் முதல் தோற்றம். எண் தந்த சாம்பல் வட பெருவில். அங்கே அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுநடுவே சாம்பல் படுகைகள் இருக்கின்றன. அதே சைலோசெராஸ் அங்கும் வருகிறது. 20.14 கோடி ஆண்டு என்ற எண் ஆல்ப்ஸுக்குப் பொருந்துவது அந்த அம்மோனைட் வழியாகத்தான். என் சாம்பலும் உங்கள் சுருளும் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் எண் வேண்டும் என்றால் சாம்பல் இல்லாமல் முடியாது, அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறுக்குச் சோதனையும் உண்டு. கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப் விகிதம் காலப்போக்கில் மாறிக்கொண்டே வந்தது. பெலம்னைட் என்ற, கணவாய் போன்ற பழைய பிராணியின் கால்சைட் அதை நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கும். மணற்கல்லில் அம்மோனைட் சிதைந்து பெலம்னைட் மட்டும் மிஞ்சிய இடத்தில் இது கைகொடுக்கும். அந்த விகிதக் கோட்டின் ஜுராசிக் பகுதியும் பெரும்பாலும் அம்மோனைட் மண்டலங்களை வைத்துத்தான் வரையப்பட்டது, சரிதான்.

சுருள்சிப்பி

ஏற்றுக்கொண்டேன் அண்ணா. இனி நடைமுறைக்கு வருவோம், ஏனென்றால் மணற்கல் அம்மோனைட்டுக்கு நல்ல வீடு இல்லை.

அம்மோனைட்டின் ஓடு அரகோனைட், அதாவது எளிதில் கரையும் ஒருவகைச் சுண்ணாம்புக் கனிமம். மணற்கல்லில் துளைகள் அதிகம், நீர் ஓடிக்கொண்டே இருக்கும், அரகோனைட் கரைந்துவிடும். மிஞ்சுவது உள்ளே நிரம்பிய மணலின் வார்ப்பு, அல்லது வெளியே பதிந்த அச்சு. வெளி அச்சில் வரிகளும் விளிம்பும் தெரியும். சிலிக்கோன் ரப்பர் ஊற்றி நகல் எடுத்துப் பார்க்கலாம். அறைகளின் தடுப்புச்சுவர் ஓட்டின் உட்பக்கத்தைத் தொடும் தையல் கோடு உள்வார்ப்பில் மட்டும்தான் தெரியும். அதுவும் பருமணலாக இருந்தால் நுண்கோடுகள் மங்கிப்போகும். எனவே இரண்டையும் எடுத்து வையுங்கள். வெளி அச்சு அழகாக இல்லை என்று களத்திலேயே விட்டுவிட்டு வருபவர்கள் பாதி ஆதாரத்தை விட்டுவிட்டு வருகிறார்கள்.

தேடும் இடமும் முக்கியம். வெஸ்ட் பே சுவரில் மென்மையான மணலும் கெட்டியான பட்டைகளும் மாறி மாறி வரும். கெட்டிப் பட்டைகள் சுண்ணாம்பு பசையாக இறுகியவை. மென்மணலில் வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கும் அந்தப் பட்டைகளில் ஏதாவது கிடைக்கும்.

அடுத்தது, ஒத்த உருவம். அம்மோனைட்கள் ஒரே வடிவத்தைப் பலமுறை திரும்பத் திரும்ப எடுத்திருக்கின்றன. ஹில்டோசெராஸையும் ஏரியட்டைட்டஸையும் பாருங்கள். இரண்டுக்கும் வெளிவிளிம்பில் நடுவே ஒரு முகடு, இருபுறமும் பள்ளம். ஒன்று டோர்சியன், மற்றது அதற்கு முந்திய சினமூரியன் காலம். இடைவெளி ஒரு கோடி ஆண்டுக்கும் மேல். பக்கவாட்டில் பார்த்தால் ஹில்டோசெராஸ் பைஃப்ரன்ஸில் அரிவாள் மாதிரி வளைந்த வரியும் நடுவே சுருளோடு ஓடும் பள்ளமும் உண்டு. ஏரியட்டைட்டஸில் வரி நேராக இருக்கும். விளிம்பு மட்டும் துருத்திக்கொண்டிருக்கும் உடைந்த துண்டை வைத்து மண்டலம் சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள்.

ஆண்–பெண் விவகாரம் வேறு. பெரிய ஓடு, சிறிய ஓடு என்று இரண்டு வடிவங்கள் ஒரே அடுக்கில் சேர்ந்தே வரும். சிறியதன் வாயில் காது மாதிரி நீட்டல் இருக்கும். 1962, 1963-இல் மக்கோவ்ஸ்கியும் காலோமனும் இவை ஒரே இனத்தின் இரு பால்கள் என்று காட்டும்வரை தனித்தனிப் பேரினங்களாகவே பெயர் வைத்திருந்தார்கள். ஸ்டெஃபனோசெராஸும் நார்மனைட்டஸும் அப்படிப்பட்ட ஜோடி. பழைய பட்டியலில் பத்துப் பெயர் இருந்தால் பத்து இனம் என்று எண்ணக் கூடாது. வயதுக்கு இதனால் பாதகம் குறைவு, இரண்டும் ஒரே காலம்தானே.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது மறுபுதைவு. பழைய அடுக்கு கடலடியில் அரிபட்டு, அதிலிருந்த அம்மோனைட் உருண்டு புதிய மணலுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். தேய்ந்த விளிம்பு, ஓட்டின் உள்ளே இருக்கும் கல் வெளியே இருக்கும் கல்லோடு ஒத்துப்போகாதது, பாஸ்பேட் ஏறிய கருமை, மேலே ஒட்டி வளர்ந்த சிப்பிகள் என்று அறிகுறிகள் உண்டு. ஒரே படுகையில் இரண்டு மண்டலத்து வகைகள் கலந்து வந்தால் வயதை முடிவு செய்வது இளைய வகைதான்.

நில்லாநதி

குஜராத்தின் கச்ச் பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஜுராசிக் அம்மோனைட் என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும் இடம் அது. ஸ்டோலிச்கா 1871–72-இல் அங்கே களப்பணி செய்து அடுக்குகளைப் பச்சம், சாரி, கத்ரோல், உமியா என்று பிரித்தார். சேகரித்த அம்மோனைட்களை விவரித்து 1873 முதல் 1875 வரை வெளியிட்டவர் வாகன். இவர் ஓப்பெலின் மாணவர்! ஓப்பெலின் மண்டல முறை அவர் கையோடு நேராக இங்கே வந்துவிட்டது. பிறகு 1927 முதல் 1933 வரை ஸ்பாத் முழுத் தொகுதியையும் மறுபடி ஆராய்ந்தார்.

இந்த இழைக்கு நேராகப் பொருந்துவது உமியா. மேலே உள்ள மணற்கல்லில் தாவரப் படிவங்கள் நிறைய. 1876-இல் ஃபைஸ்ட்மான்டல் அவற்றை ஆராய்ந்தபோது யார்க்‌ஷயரின் நடு ஜுராசிக் தாவரங்களோடு ஒப்பிட்டார். ஆனால் அந்தத் தாவரங்களுக்குக் கீழே உள்ள கடல் படுகைகளின் அம்மோனைட்கள் ஜுராசிக்கின் கடைசிக் கட்டத்தவை. கீழே இருப்பது ஜுராசிக்கின் முடிவு என்றால் மேலே இருப்பது எப்படி நடு ஜுராசிக் ஆகும்? அன்று பெரிய விவாதமே நடந்தது. என் பார்வையில் அம்மோனைட் பக்கம்தான் நியாயம். பெரணியும் சைக்கஸும் நீண்ட காலம் பெரிதாக மாறாமல் இருந்துவிடும். அம்மோனைட் அப்படி இருக்காது.

மறுபுதைவுக்கும் கச்சில் உதாரணம் உண்டு. சாரியின் உச்சியில் உள்ள தோசா ஊலைட்டின் மேற்பகுதியில் தேய்ந்து இடம்மாறிய அம்மோனைட்கள் வருகின்றன. படிவு மிக மெதுவாக நடந்து, அடுத்த கத்ரோலுக்கு முன்னால் ஒரு பெரிய இடைவெளியும் விழுந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய மண்டலப் பெயர்களை அப்படியே கொண்டுவந்து கச்சில் ஒட்டக் கூடாது. மயாய்ட்டஸ் மாதிரி கச்சிலும் மடகாஸ்கரிலும் வரும் வகைகள் ஐரோப்பாவில் வழக்கமாக இல்லை. முதலில் மடகாஸ்கரோடு இணைத்து, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பெரிஸ்ஃபிங்டிட் என்ற அம்மோனைட் குடும்பத்து வகைகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களால்தான் பழைய பட்டியல்களில் இத்தனை குழப்பம்.

கேள்விக்குறி

அம்மோனைட்டே இல்லாத மணற்கல் என்றால்?

களப்பை

அதுதான் அதிகம். அமெரிக்காவின் நவாஹோ மணற்கல் பாலைவன மணல்மேடுகளால் ஆனது. அதில் அம்மோனைட் தேடி என்ன பயன்? யார்க்‌ஷயரின் நடு ஜுராசிக் மணற்கற்களும் பெரும்பாலும் ஆற்றுக் கழிமுகத்தவை. ஆனால் அங்கே கடல் அவ்வப்போது உள்ளே வந்து போயிருக்கிறது. அப்படி வந்தபோது படிந்த ஸ்கார்பரோ அடுக்கில் ஹம்ஃப்ரீசியானம் மண்டலத்து அம்மோனைட்கள் கிடைக்கின்றன. ஆக, அதற்குக் கீழே உள்ள கழிமுக மணல் அந்த மண்டலத்துக்குப் பிந்தியதாக இருக்க முடியாது, மேலே உள்ளது முந்தியதாக இருக்க முடியாது. இரண்டு கடல் படுகைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மணலுக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் கிடைத்துவிடும்.

வட கடலில் எண்ணெய் தரும் பிரென்ட் மணற்கற்களில் வேறு கஷ்டம். துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டு கையளவு அகலம், அதில் அம்மோனைட் அகப்படுவது அபூர்வம். அங்கே டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரியின் உறைகளையும் மகரந்தங்களையும் வைத்துப் பிரிக்கிறார்கள். அந்த உறைகளின் வரிசையும், அம்மோனைட் கிடைக்கும் கரைப் பாறைகளில் பார்த்துச் சரிசெய்யப்பட்டதுதான்.

சேகரிப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கீழே உருண்டு கிடக்கும் துண்டை எடுத்து மண்டலம் கேட்டு இங்கே படம் போடாதீர்கள். எந்த அடுக்கில் பதிந்திருந்தது, தெரிந்த ஒரு கெட்டிப் பட்டையிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே என்று எழுதாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். சட்டப்படி சேகரிக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல பாறைமுகங்கள் பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாத இடத்தில் படமும் அளவும் எடுத்துக்கொண்டு படிவத்தை அங்கேயே விடுங்கள். அடுக்கில் இருக்கும் நிலையில் எடுத்த படம், பெயர்த்து வந்த கல்லைவிடப் பல நேரம் அதிகம் சொல்லும்.

புதியவள்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஜுராசிக்கின் அடிக்கோட்டை அம்மோனைட் தீர்மானித்தது சரி. மேற்கோட்டையும் அதுதான் தீர்மானிக்கிறதா?

சுருள்சிப்பி

அங்கேதான் அது கைவிடுகிறது. ஜுராசிக்கின் முடிவில் கடல்மட்டம் தாழ்ந்து, வடக்குக் கடல்களும் தெற்கே டெதிஸ் என்ற பழங்காலக் கடலும் ஒன்றோடொன்று தொடர்பு குறைந்து போயின. வடக்கில் ஒரு அம்மோனைட் கூட்டம், தெற்கில் வேறு கூட்டம். அதனால்தான் கடைசிக் கட்டத்துக்கே டித்தோனியன், வோல்ஜியன், போர்ட்லேண்டியன் என்று இடத்துக்கு ஒரு பெயர் வழங்கியது. ஜுராசிக்–கிரிட்டேசியஸ் எல்லைக்கு இன்னும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உலகத் தரஅடையாளம் இல்லை. அதற்கென்று அமைந்த பணிக்குழு 2016-இல் முதன்மை அடையாளமாகத் தேர்ந்தது கால்பியோனெல்லா ஆல்பினா என்ற நுண்ணுயிரியை. அதோடு புவிகாந்தத் திசைமாற்றங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கால்பியோனெல்லா கிடைப்பது பெரும்பாலும் டெதிஸ் பக்கத்துச் சுண்ணாம்புக் கற்களில். எனவே உங்கள் மணற்கல் அந்த எல்லையை ஒட்டியது என்றால், முதலில் அது வடக்குக் கடலா தெற்குக் கடலா என்று பாருங்கள். அப்புறம் அந்தந்தப் பக்கத்து மண்டல வரிசையை மட்டும் பயன்படுத்துங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.